ரிப்பன் கட்டிய கணினிகளைப் பார்க்கப் பொகவந்தலாவைக்கு

பாடசாலைகளில் மாணவர்களே நடத்தும் கணினிக் கழகங்களுக்கு உதவும் தொண்டு அமைப்பொன்றில், கொழும்பில் வேலை செய்கிறேன். 2008இல், கழகங்களுக்கிடையிலான கணினி நிரல் எழுதும் போட்டிக்கு மாணவர்களின் ஆக்கங்களை வாங்கிவரப் பொகவந்தலாவைப் பக்கம் போனேன். மறுநாள்தான் கடைசி நாள். அங்குள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆறு மாதம் முன்பே ஐந்து கணினிகள் அனுப்பியிருந்தோம்.

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை 5.55க்கு ரயில். ஹட்டனில் இறங்க 11.20. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், 40 ரூபாய். வளைவுக்கு வளைவு பக்கத்து ஆளின் மடியில் விழத் தயாராக இருங்கள். பிறகு நான்கு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 250 ரூபாய்.

"கம்பியூட்டர் ரூமுக்கா? அத இன்னும் தெறக்கலையே சார்" என்றார் டிரைவர்.

போனதும் புரிந்தது. கதவில் பூட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன். யாரோ பிரமுகர் வந்து வெட்ட வேண்டுமாம். ஆறு மாதமாக அவருக்கு நேரமில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழகத் தலைவி செல்வராணி பதினோராம் தரம். கொப்பியை நீட்டினாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நேரங்களைச் சொல்லும் நிரல், பென்சிலில் பதினான்கு பக்கம்.

"போர்டுல எழுதித்தான் சார் படிச்சோம். கீபோர்ட அட்டையில வரைஞ்சு வச்சிருக்கோம்."

பாடசாலை அதிபரிடம் போய்க் கத்தினேன். யாழ்ப்பாணத்துக்காரர், அசையவில்லை. "என்னில ஏன் பாயிறீங்கள்? உங்கட கடிதத்திலதானே கிடக்கு" என்று கோப்பைத் திறந்தார். பிரமுகர் திறந்துவைத்துப் படம் எடுக்கும்வரை பாவிக்கக் கூடாது என்றிருந்தது. கீழே என் கையெழுத்து. அலுவலகத்தில் கட்டாக நீட்டியவற்றில் வாசிக்காமல் போட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ரிப்பனைக் கையாலேயே பிய்த்தேன். அதிபர் சாவியைத் தந்தார். செல்வராணி உட்கார்ந்தபோது மணி இரண்டரை. அட்டையில் பழகிய விரல், அழுத்தினால் எழுத்து விழும் என்பதையே நம்பவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாலேகாலுக்கு நான் எழுந்தேன்.

"பாதிதான் சார் அடிச்சிருக்கேன். பரவாயில்லைங்களா?"

பரவாயில்லை என்றேன். பொய். அதுவரை அடித்ததைப் பென் டிரைவிலும் கொப்பியைப் பையிலும் போட்டுக்கொண்டேன்.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். சந்திக்கு ஆட்டோ சொல்லி வையுங்கள். ஹட்டனுக்கு ஐந்து மணி பஸ்ஸை விட்டால் திண்டாட்டம். பாடசாலைக்கு எதையாவது கொடுத்தால் பெட்டியை அன்றே பிரித்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தயவுசெய்து ரிப்பன் வாங்காதீர்கள்.

மறுநாள் அலுவலகத்தில் சண்டை போட்டேன். முடிக்காத நிரல் செல்லாது, கொப்பியும் செல்லாது என்றார்கள். அவகாசம் கேட்டேன். பிந்தினால் பிந்தியதுதானாம். ஆறு மாதம் பூட்டிவைத்தது நாங்கள். பிந்தியவள் செல்வராணியாம்.