பசையில் கலந்த துத்தம்

கல்லூரியின் மொழிபெயர்ப்புத் தாளுக்காக, தாவர நார்களைப் பற்றிய ஓர் அறிவியல் பாடத்தைத் தமிழாக்கினேன். காகிதத்தில் உள்ள செல்லுலோசும் மைதாவில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையின் சங்கிலிகள். கண்ணிகள் பிணையும் விதம்தான் வேறு. அந்த வேறுபாட்டால் மனிதக் குடல் மாவைச் செரிக்கும், காகிதத்தைச் செரிக்காது.

சாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இவ்விரண்டும் எப்போதும் இருந்தன. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். ஏழு வயதில், பள்ளி விட்டு வந்த பசியில், காய்ச்சி ஆறிய மைதாப் பசையை நான் விரலால் வழித்துத் தின்பேன். மாவும் காகிதமும் கொண்டுவரும் ஏஜெண்டுப் பெண் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏத்தா, கம்பெனி மாவுலயா பிள்ளை வளக்க? மயில்துத்தத்தைக் கலந்துவிடு. பூச்சியும் அண்டாது, இவளும் அண்டமாட்டா.”

மறுத்தால் அடுத்த லோடு வராது என்று அம்மாவுக்குத் தெரியும். உடனே கலந்தாள். நீலம் பாரித்த பசையைக் காட்டி, “விசம், தொட்டுராத” என்றாள். எனக்கென்று ஒரு கரண்டி முன்னதாக எடுத்துவைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தமிழாக்கத்தை அவளுக்கு வாசித்துக்காட்டினேன். வருந்தி ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழாயை உருட்டியபடியே கேட்டாள்.

“அப்பம் காகிதம் செரிக்காதா?”

“செரிக்காது.”

“நல்லதாப் போச்சு. செரிச்சிருந்தா அதுலயும் துத்தம் தடவச் சொல்லிருப்பாக. நானும் தடவிருப்பேன்.”