அடுத்த கொடை வரை

என் தம்பி வருஷத்தில் பத்து நாள் குடிக்கமாட்டான். தாராவியில் எங்கள் அம்மன் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டினால் ஒரு சொட்டுத் தொடமாட்டான். திருவிழா முடிந்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்த அன்றே பழைய கதைதான்.

எங்கள் சந்துப் பெண்கள் நாங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடத்துகிறோம். குடியை விட நினைப்பவர்கள், மனசு சரியில்லாதவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் என்று எல்லாரும் ஊர்ச் சங்கத்து அறையில் பாய் விரித்து உட்காருவோம். செம்பூரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வருவார். அவர் போட்ட விதி ஒன்றுதான். “நேத்துக் குடிச்சேன்னு சொன்னாலும் இங்க யாரும் திட்டக்கூடாது.” எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. திட்டாமல் எவன் திருந்தினான்?

போன கொடைக்கு முன் தம்பி நான்கு வாரம் ஒழுங்காக வந்தான். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. கொடை முடிந்து எல்லாரும் காப்பை அவிழ்த்தபோது அவனை மட்டும் அவிழ்க்க விடவில்லை.

“அடுத்த கொடை வரை கையில கெடக்கட்டும்ல. தொட்டேன்னா அம்மன் கேப்பா” என்றேன்.

கொடைக்கு வந்திருந்த ஆலோசகர் தயங்கினார். “வேண்டாம் அக்கா. பயத்துல நிறுத்தினா, தவறும்போது மறைக்கத் தோணும்.”

“உங்களுக்கு எங்க அம்மனைத் தெரியாது” என்று வாயை அடைத்துவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவன் கூட்டத்துக்கு வரவில்லை. ஓவர்டைம் என்றான். அடுத்த வாரம் வீட்டுக்கே வரவில்லை. குர்லாவில் அவனோடு வேலை பார்க்கும் ஊர்க்காரர் போன் செய்தார். “ஒங்க தம்பி பட்டறையிலயே படுத்துக் கெடக்கான். சோறு திங்க மாட்டேங்கான். உயிரோட இருந்து என்னத்துக்குன்னு கேக்கான்.”

உடனே போனில் ஆலோசகருக்குச் சொன்னேன். “அவரைத் தனியா விடாதீங்க. நானும் கிளம்பறேன். நீங்க முதல்ல போய்ச் சேருங்க, திட்டாம கேளுங்க” என்றார்.

பட்டறையில் தகரங்களுக்கு நடுவில் தம்பி உட்கார்ந்திருந்தான். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தான்.

“குடிச்சிட்டேன்க்கா. காப்பு கையில கெடக்கும்போதே குடிச்சிட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூட்டத்துக்கு வர?”

அவனைத் திட்டுவதற்கென்று பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. பட்டறை மேசையில் கிடந்த கத்தரியை எடுத்தேன்.

“கைய நீட்டுல.”

“சாமி குத்தம்க்கா.”

“கட்டிவிட்டது நான். குத்தம் எந்தலையில வரட்டும்.”

கயிறு அழுக்கேறிக் கறுத்திருந்தது. அறுத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நானும் அழுதேன். ஆலோசகர் வந்து சேர்ந்தபோது நான் வாங்கிக் கொடுத்த இட்லியில் பாதியைச் சாப்பிட்டிருந்தான். அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம்.

அந்த ஞாயிறு அரைக்கைச் சட்டையில் வாசலோரம் வந்து உட்கார்ந்தான். யார் முதலில் பேசுவது என்று ஆலோசகர் கேட்டார். அவன் தலை குனிந்தான். நான் கையைத் தூக்கினேன்.

“எந்தம்பி குடிச்சதை மறைச்சான். மறைக்க வச்சது நான்” என்றேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை.