அட்டைக்குள் போன கடைசி அத்தியாயம்

போன வாரம் ஒருவர் என் வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் வெளியே போனேன். அவர் வாளியிலிருந்து மைதாப் பசை வாசனை வந்ததும் மரியாதையாக ஓரமாய் நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் என் மேலேயே அந்த வாசனைதான்.

அறுபதுகளின் கடைசி. பி.யூ.சி.யில் இரண்டு முறை தோற்ற தகுதியோடு, காஞ்சிபுரத்தில் ஒரு பைண்டிங் கடையில் சேர்ந்தேன். இலக்கியத்துக்கு நான் ஆற்றிய தொண்டு, பசை தடவியது. வசதியான வீட்டுப் பெண்கள் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கத்தரித்து பைண்டு செய்யக் கொடுப்பார்கள். பட்டு முதலாளி வீட்டம்மா கொடுக்கும் கதைகளை மட்டும், தைப்பதற்கு முன் எங்கள் பக்கத்து வீட்டுத் தறியருகே உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அந்த வீட்டுத் தனம் அக்காவும் அவள் கணவர் ஏகாம்பரமும் அந்த முதலாளிக்குத்தான் நெய்தார்கள்.

அந்த முறை வந்தது செங்கமலத்தின் கதை. ஜமீன் வீட்டுச் சமையல்காரி. முப்பது அத்தியாயம் அடி, பட்டினி, அவமானம். கடைசி அத்தியாயத்தில் தோளில் ஒரு மச்சம் தெரிகிறது; அவள் ஜமீன்தாரின் காணாமல்போன மகளாம். உடனே சந்தோஷம்.

தறி நின்றது.

"இன்னாபா இது? சமையக்காரியாவே இருந்தா சந்தோசமா இருக்கக் கூடாதா?"

"கதைன்னா அப்படித்தான்க்கா."

"அப்ப நானும் மச்சத்தத் தேடிக்கினு இருக்கணுமா?"

"உனக்கு முதுவுல ஒண்ணு இருக்குது," என்றார் ஏகாம்பரம். "ஆனா உங்கப்பன் தறிக்காரன்தான். நல்லா விசாரிச்சுத்தான் கட்டினேன்."

அக்காவே முடிவைச் சொன்னாள், நான் எழுதினேன். செங்கமலம் வேலையை விட்டுச் சொந்தமாகச் சோற்றுக்கடை வைக்கிறாள். ஒருநாள் மழையில் கார் நின்றுபோய், எஜமானியம்மா பசியோடு அந்தக் கடை வாசலுக்கு வருகிறாள். "கொஞ்சம் நில்லுங்கமா, கையில வேலையா இருக்கேன்" என்கிறாள் செங்கமலம். முற்றும்.

எனக்கு வீரம் வந்துவிட்டது. அச்சான கடைசி அத்தியாயத்தை அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டு, கையெழுத்துப் பக்கங்களைப் புத்தகத்தோடு தைத்துக் கொடுத்துவிட்டேன். வீடு திரும்பும்போதுதான் புத்தி வந்தது. எனக்குப் போனால் பசை வேலை மட்டும்தான் போகும். முதலாளிக்குக் கோபம் வந்தால் அக்காவுக்கு நெய்ய அடுத்த பாவு நூல் கிடைக்காது. தறி காலியாகக் கிடக்கும். அக்காவிடம் சொன்னேன். இழை ஓட்டும் நாடாவைத் தள்ளி நெய்துகொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஜட்கா வண்டி நின்றது. கடையில் விசாரித்துக்கொண்டு, கக்கத்தில் புத்தகத்தோடு முதலாளி வீட்டம்மாவே இறங்கினார். அந்த வீட்டு ஆள் யார் வந்தாலும் காலை விட்டு உட்காரும் தறிக்குழியிலிருந்து பதறி ஏறி நிற்பதுதான் வழக்கம். ஏகாம்பரம் ஏறப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"யாரும்மா இந்த முடிவ எழுதினது?"

"நான் சொன்னதுதாங்க. கொஞ்சம் நில்லுங்கமா, கையில வேலையா இருக்கேன்."

குரல் நடுங்கியது, நாடா நடுங்கவில்லை. கரையில் ஒரு பூ முடியும்வரை அந்த அம்மா வாசலிலேயே நின்றார்.

பிறகு சிரித்தார். "முப்பது வாரம் படிக்கவெச்சிட்டு மச்சத்தக் காட்டி ஏமாத்திட்டான்னு எனக்கும் வயித்தெரிச்சல்தான். அடுத்த கதைக்கும் நீங்களே முடிவு சொல்லிடுங்க."

அக்காவைப் போய் நீங்களாம்! எதிர்வீடுகளில் அத்தனை தறிகளும் நின்றிருந்தன. மறுவாரம் கதையோடு பாவும் வந்தது.

இன்று அந்தப் பத்திரிகை இல்லை, ஜட்கா இல்லை. பைண்டிங் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். செங்கமலம் ஜமீன்தார் மகள் என்பதற்கும் எங்கள் தெருவில் ஆதாரம் கிடையாது. அட்டைக்குள் வைத்து ஒட்டியவன் நான். நன்றாகவே ஒட்டினேன்.