பிளாஸ்டிக் பிஸ்டலும் மிலிட்டரி மச்சானும்

பொறாமைப்பட எனக்குப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கோழி இரட்டைக் கரு முட்டை போட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒரு துப்பாக்கியைப் பார்த்து வயிறு எரிந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் சுடாத துப்பாக்கி.

எண்பதுகளில் நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தேன். பெல்ட், பை, பிஸ்டல் கவர் எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு வாத்தியார் என் முகத்தையே பார்த்ததில்லை, அந்த மட்டில் அவர் கொடுத்து வைத்தவர். படிப்பு வராத கைக்கு ஊசி வந்தது. பிஸ்டல் கவர் தைப்பதில் எங்கள் ஷெட்டில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, ஒரு துணி மூட்டையைப் பிரித்து, கறுப்பாக ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னான்னு சொல்லு."

"பிஸ்டல். பொம்மை பிஸ்டல்."

"பொம்மதான். ஆனா அசலும் இதே மாதிரிதானாம். புதுசா எறங்கியிருக்கு. மேல ஓடுற துண்டு மட்டும் இரும்பு. கைப்பிடி, ஒடம்பு எல்லாம் பிளாஸ்டிக்கு. வெள்ளக்காரன் ஊரு போலீசு, மிலிட்டரி எல்லாம் இத்தத்தான் வாங்கப் போறாங்களாம்."

எங்களிடம் சரக்கு வாங்குகிற வெள்ளைக்கார பையர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெட்ராசுக்குப் போயிருந்தார். அளவிலும் எடையிலும் அசலைப் போலவே செய்த பொம்மை அது. வாரக் கடைசியில் திரும்பி வருவார். அதற்குள் அதற்கு ஒரு தோல் கவர் சாம்பிள் வேண்டும். சரியில்லாவிட்டால் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வார்.

செய்தி பரவி ஷெட்டே வந்து கூடிவிட்டது. ஆளாளுக்குக் கையில் வாங்கி எடை பார்த்தார்கள். ஒருவன் மோந்து பார்த்தான். எங்கள் ஊரில் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்துதான் பார்ப்போம், அது தொழில் பழக்கம். "இன்னாடா இது, சீப்பு செய்ற சாமானா?" என்றான் இன்னொருவன். "வெயில்ல வெச்சா உருகிடுமா?" என்று ஒருவன் கேட்டான். கேலி செய்தார்களே தவிர, ஒருவனும் கீழே வைக்கவில்லை. கையை விட்டுப் போனதும் ஒவ்வொருவனும் மறுபடி வரிசையில் வந்து நின்றான்.

நானும் எடை பார்த்தேன். அதுவரை நாங்கள் கவர் தைத்ததெல்லாம் ஒரு பழைய இரும்பு மாதிரியை வைத்துத்தான். அதைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கும். இது அப்படியில்லை. கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிடி வழுக்கவில்லை, மூலை குத்தவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள் என்றது. அங்கேதான் எனக்கு எரிச்சல் கிளம்பியது. தோல் ஊருக்குள் பிளாஸ்டிக் வந்து இப்படி நிற்பதா? பிளாஸ்டிக் உடம்பை வைத்துக்கொண்டு அதற்கு சர்க்கார் உத்தியோகம். எலும்பும் சதையுமாக இருக்கிற எனக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கூலி. பத்து வருஷமாக அந்த ஷெட்டில் இருக்கிறேன், என்னைக் கையில் எடுத்துப் பார்க்க ஒருவனும் வரிசையில் நின்றதில்லை.

மேஸ்திரி என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தோ பாரு. சாம்பிள் ரூம்காரன் சவுதிக்குப் போய்ட்டான். அந்த ஸ்டூல் காலியாத்தான் கெடக்குது. இந்தக் கவர் பாஸ் ஆச்சுன்னா அங்க நீதான். ஆகலைன்னா மானேஜர் வேற ஆளப் போட்டுடுவாரு."

புதுச் சரக்குக்கெல்லாம் முதல் உருப்படி தைக்கிற சாம்பிள் ரூம் என்றால் சும்மா இல்லை. தலைக்கு மேல் ஃபேன். முதுகு சாய ஒரு பலகை. எல்லாவற்றையும்விட, அங்கே மானேஜரே நேரில் வந்து "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்பார். என்னை அதுவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை, என் கல்யாணத்தின்போதுகூட.

தைத்தேன். தோலை ஊறவைத்து, பிஸ்டலை மெல்லிய பாலித்தீனில் சுற்றி உள்ளே செருகி, வழவழப்பான எலும்புத் துண்டால் ஓரமெல்லாம் அழுத்தித் தேய்த்தேன். தோல் காயக் காய அதன் மூக்கு, முதுகு, விசை வளைவு எல்லாம் வெளியே தெரிந்தது. பெல்ட் நுழைகிற பட்டையை மட்டும் பழைய அளவிலேயே வெட்டிவிட்டேன். பார்க்க நன்றாக இருந்தது. எனக்கே என் மேல் கொஞ்சம் பொறாமை வந்தது.

அப்போது மேஸ்திரி ஒரு குண்டைப் போட்டார்.

"இத்த இடுப்புல கட்டி, இழுத்துப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்ன்றாரு மானேஜர். ஒன் மச்சான் லீவுல வந்துருக்கானாமே? நாளைக்கு இட்டுகினு வா."

என் மச்சானைப் பற்றி நான் கம்பெனியில் மூச்சு விட்டதில்லை. என் வீட்டுக்காரிதான் குழாயடியில் மேஸ்திரி சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய தம்பி. மிலிட்டரி. வருஷத்துக்கு ஒரு தடவை டிரங்குப் பெட்டியும் பூட்சுமாக வந்து இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் அவனை எழுந்து நிற்கச் சொல்லி ஜெபம் பண்ணுவார். தெருவே அவனிடம் ரம் வாங்கிக் குடிக்கும். நானும் குடிப்பேன். குடித்துக்கொண்டே பொறாமைப்படுவேன். நல்ல ரம்.

அன்றைக்கு வீட்டில் ஈரல் வறுவல். சட்டியிலிருந்தது முக்கால்வாசி அவன் தட்டுக்குப் போனது.

"எனக்கு?" என்றேன்.

"கொழம்பு கீதே, ஊத்திக்க. அவன் பனியில நிக்கிறவன்யா. நீ இன்னா, ஃபேனுக்குக் கீழகூட நிக்காதவன்."

"அக்கா, மாமாவுக்கும் ரெண்டு போடுக்கா" என்றான் மச்சான். அவன் நல்லவன் என்பதுதான் எனக்கு ஜாஸ்தி பேஜார். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம்.

கம்பெனி விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "நானா மாமா? நான் எதுக்கு?" என்றான். என் வீட்டுக்காரி விடவில்லை. "ஏன்டா, துப்பாக்கியப் பத்தி ஒன்னக் கேக்காம அந்தப் பால்காரனையா கேப்பாங்க? போய்ட்டு வா. இவுருக்கும் நாலு பேரு மரியாத குடுப்பாங்க."

மறுநாள் போனோம். அவனுக்கு நாற்காலி போட்டார்கள், எனக்குச் சுவர். அவனுக்கு டீ வந்தது, பிஸ்கட்டோடு. மானேஜர் அவனை 'வாங்க, போங்க' என்றார். பத்து வருஷத்தில் என்னை அவர் கூப்பிட்டதெல்லாம் 'ஏய்', 'இங்க வா' அவ்வளவுதான்.

மேஸ்திரி பிஸ்டலை நீட்டினார். மச்சான் எழுந்து நின்று வாங்கினான். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த பிள்ளையை ஏந்துகிற மாதிரி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"வெயிட் எப்படி?" என்றார் மானேஜர்.

"கம்மிதான் சார்."

"உங்க யூனிட்ல எந்த பிஸ்டல் யூஸ் பண்றீங்க?"

மச்சான் வாயைத் திறந்தான், மூடினான். என்னைப் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்து கிடந்தது. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இவன் பிடித்ததெல்லாம் ரைஃபிள். பிஸ்டலைக் கையால் தொட்டதே இல்லை.

கர்த்தர் பெரியவர் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை வருஷம் காத்திருந்தேன்! நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சொன்னால் ஷெட்டே சிரித்திருக்கும். சாயந்திரத்துக்குள் குழாயடிக்குப் போய், அங்கிருந்து என் வீட்டுச் சட்டி வரைக்கும் போயிருக்கும்.

ஆனால் மேஸ்திரி கையில் இருப்பது என் கவர். அதைப் பாஸ் பண்ண வந்திருக்கிறவன் இவன். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னால், இவன் சொல்லுக்கு மதிப்பில்லை. மதிப்பில்லாதவன் பாஸ் பண்ணிய கவரை எவன் வாங்குவான்? ஸ்டூல் போய்விடும். ஜோக்கை விழுங்கினேன். தொண்டையில் மீன் முள் மாதிரி இறங்கியது.

"சார், அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார்" என்றேன். "மிலிட்டரி ரகசியம். வூட்லயே சொல்ல மாட்டான்."

"ஓ! சாரி, சாரி" என்றார் மானேஜர். மச்சானுக்கு இன்னொரு பிஸ்கட் வந்தது.

பையர் விட்டுப் போயிருந்த அகலம் குறைந்த பெல்ட்டில் கவரைக் கோத்து மச்சான் இடுப்பில் கட்டினார்கள். பிஸ்டலைச் செருகி ஒரு இழுப்பு இழுத்தான். வரவில்லை. கவரும் சேர்ந்து விலா வரைக்கும் ஏறி வந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி ஏறியது. மானேஜர் முகம் சுருங்கியது. மச்சான் திருதிருவென்று முழித்தான்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பழைய பிஸ்டல் கனம். அந்தக் கனமே கவரைக் கீழே பிடித்து வைக்கும், பட்டை லூசாக இருந்தாலும் பாதகமில்லை. இது பஞ்சு. கவரைப் பிடித்து வைக்க இதற்குத் தெம்பு இல்லை. பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி பட்டைக்குக் கீழே ஒரு தையல் ஓட்டினால் சரியாகிவிடும்.

"சார், அது இன்னான்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. அவர் சொல்லட்டும்" என்றார் மானேஜர்.

அவர் எங்கே சொல்வார்? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

"ஏன் மச்சான், நேத்து சோறு துன்றப்பவே சொன்னியே," என்றேன், "பிஸ்டல் வெயிட்டு கம்மி, பட்டை லூசா இருந்தா கவரும் கூடவே வரும், கீழ ஒரு தையல் போடு மாமான்னு. நான்தான் மறந்துட்டேன்."

மச்சான் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக, "ஆமா மாமா. சொன்னேன்ல" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து தையல் போட்டேன். மறுபடி கட்டினார்கள். இழுத்தான். பிஸ்டல் வெண்ணெயில் கத்தி மாதிரி வெளியே வந்தது, கவர் அசையவில்லை.

"மிலிட்டரி மூளை!" என்று மானேஜர் மேஜையைத் தட்டினார். என்னைப் பார்த்து, "பெரியவங்க சொன்னா காதுல வாங்கணும்" என்றார். மச்சான் எனக்கு ஆறு வயசு சின்னவன்.

வெளியே வந்து நானும் அவனும் வீட்டுக்கு நடந்தோம். ரயில்வே கேட்டில் நின்றபோது அவன் சொன்னான்: "மாமா, பிஸ்டல நான் ஆபீசருங்க இடுப்புலதான் பாத்துருக்கேன். அவங்க அத்தத் தட்டிகினு நடக்கறப்ப எனக்கு அப்டியே எரியும். இன்னிக்கித்தான் கையில புடிச்சேன்."

என் குடும்பத்திலேயே எனக்குச் சரிசமமாக எரிகிற ஆள் இவன்தான் போலிருக்கிறது. "அது பிளாஸ்டிக்குடா" என்றேன். "ஆமா மாமா, ஆனா நல்லாக் கீது" என்றான்.

பையர் வந்தார், பார்த்தார், ஆர்டர் கொடுத்தார். ஸ்டூல் எனக்கு வந்தது. ஃபேனும் வந்தது. முதல் வாரமே மானேஜர் ஒரு பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இதோ கேட்கப் போகிறார் என்று முதுகை நிமிர்த்தினேன்.

"இதைப் பத்தி உன் மச்சான் என்ன நினைப்பார்?" என்றார்.

நான் நினைப்பதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை. அடுத்த நாள் அதையே, "மச்சான் கடுதாசி போட்டிருக்கான் சார்" என்று சொன்னேன். உடனே செய்யச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. பை வார் அறுந்தால் மச்சான் யோசனை, பெல்ட் தையல் விட்டால் மச்சான் யோசனை. எங்கோ பனியில் நின்றுகொண்டு என் மச்சான் ஆம்பூரில் தோல் தைத்துக்கொண்டிருந்தான். அவன் பேர் வளர வளர எனக்கு எரிந்தது, வளர்த்ததும் நான்தான்.

அடுத்த லீவுக்கு அவன் வந்த அன்றே மானேஜர் எங்கள் வீட்டுக்கு ஒரு குண்டான் பிரியாணி கொடுத்து அனுப்பினார். என் வீட்டுக்காரி அதைத் தெருவே பார்க்கிற மாதிரி வாசலில் வைத்துத்தான் திறந்தாள். "கம்பெனியே என் தம்பி பேச்சக் கேட்டுத்தான் நடக்குது, தெரிமா?" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சான் என் பக்கமாக நகர்ந்து வந்து, காதோரம் குனிந்தான்.

"மாமா, வழியில மானேஜர் என் கையப் புடிச்சுகினு, லேடீஸ் பேக்குல நான் சொன்ன ஐடியா சூப்பர்ன்றாரு. இன்னா மாமா சொன்னேன் நானு?"