சகலை எனக்குப் போட்ட விலை

என் சகலையைக் கண்டாலே எனக்கு வயிறெரியும். கொழுந்தியாளைக் கட்டியவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், பெங்களூரில் வேலை. ஈஸ்டருக்குத் தொப்பூர்ப் பக்கம் மாமனார் வீட்டில் கூடினால், நாட்டுக்கோழிக் குழம்பின் ஈரல் அவர் இலைக்குத்தான் போகும். நான் ஏரியூர்ப் பக்கம் சாக்கடையும் தடுப்பணையும் கட்டுகிற சின்ன காண்ட்ராக்டர். எனக்குக் கழுத்தெலும்பு.

ஒரு ஈஸ்டரன்று மாமனார் அவரிடம், "ஆபீஸ்ல என்னதாங்க மாப்ள பண்றீங்க?" என்று கேட்டார்.

"ஒரு நாடு கடன் பத்திரம் விக்குதுன்னு வைங்க மாமா. வாங்குனவனுக்கு, பணம் திரும்பி வராம போயிருமோன்னு பயம். இன்னொருத்தன் வந்து, மாசாமாசம் எனக்குக் கொஞ்சம் குடு, அவங்க தரலைன்னா நான் தர்றேங்கறான். அதுக்குப் பேரு கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப். அதுக்கு வெல போடறதுதான் என் வேல."

மாமனார் வாயைப் பிளந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் காசு பார்க்கப் பெங்களூர் எதற்கு, ஏரியூர் போதாதா?

எங்கள் தொழிலில் கட்டுவதுகூடச் சுலபம். பில் எழுதிவிட்டு அரசாங்கப் பணத்துக்குக் காத்திருப்பதுதான் கஷ்டம். மறுவாரமே டீக்கடையில், ஆளுக்கு ஒரு லட்சம் பில் நிற்கிறதென்று புலம்பிய இரண்டு காண்ட்ராக்டர்களைப் பிடித்தேன்.

"மாசம் ஆளுக்கு ஆயிரம் எனக்குக் குடுங்க. கிறிஸ்துமஸுக்குள்ள பில்லு வரலைன்னா லட்சத்த நான் வெக்கறேன். அப்பறம் வர்ற பணம் என்னுது."

உடனே ஒத்துக்கொண்டார்கள். அரசாங்கம் எங்கே ஓடிப்போகும்? எனக்கே மூன்றரை லட்சம் வர வேண்டியிருந்தது. அந்தத் தெம்பில்தான் வாக்குக் கொடுத்தேன். அந்தப் பணமும் அதே அரசாங்கத்திடம்தான் நிற்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மாதம் வந்த இரண்டாயிரத்தை மனைவியிடம் நீட்டி, "உன் தங்கச்சி புருஷன் பண்ற அதே தொழிலுதான்" என்றேன். அவள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. நிதி இல்லை என்று அரசாங்க ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். அந்த இரண்டு காண்ட்ராக்டர்களின் பில்லும் வரவில்லை, என் பில்லும் வரவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவருக்கு மகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும்.

"நாங்க அரசாங்கத்த நம்பலீங்கண்ணா. உங்களத்தான் நம்புனோம்."

என்னிடம் விற்பதற்கு இருந்தது கலவை மெஷின் ஒன்றுதான். அதை விற்றால் நாளை முதல் நான் இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டும். மெஷினுக்கு ஆள் பார்க்கப் போனை எடுத்தபோது சகலையின் கார் வந்து நின்றது. வேறு நேரமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு என்று பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் தனியே அழைத்து இரண்டு லட்சத்தைக் கையில் வைத்தார்.

"உங்ககிட்ட நான் கைநீட்ட மாட்டேன் தம்பி."

"இது கடனில்லீங்கண்ணா. அண்ணி மாசாமாசம் எனக்குக் கட்டிட்டு வந்தாங்க. உங்களால குடுக்க முடியாம போனா நான் குடுக்கறதா பேச்சு."

என் மனைவி என்மீதே காப்பீடு எடுத்திருந்தாள், அதுவும் இவரிடம்.

"மாசம் எவ்வளவு?"

"நாலாயிரங்க."

அரசாங்கத்துக்கு நான் போட்ட விலையைப்போல இரண்டு மடங்கு. அவர் மரியாதையாகவே விளக்கினார்: "அவங்க பில்லு நின்னா உங்க பில்லும் நின்னுருமுங்களே. அதான் உங்க ரிஸ்க்கு ஜாஸ்திங்கண்ணா."

நான் பெருமையாகக் கொடுத்த இரண்டாயிரத்தோடு, தையலில் சம்பாதித்த இரண்டாயிரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

"ஒரு கிலோ தக்காளிக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுவாளே. இதுக்குப் பேசலையா?"

"இல்லீங்கண்ணா. சொன்னதும் சரின்னுட்டாங்க."