ஒப்தூலியாவின் வாசல்படியில் ஊற்றிய ஒயின்

எங்கள் ஊரான வில்லார்தோவை அணைத் தண்ணீர் விழுங்கியபோது ஒப்தூலியா சின்னப் பெண். புது ஊரில் வளர்ந்து முடி திருத்தும் கடை வைத்தாள். வருகிறவர்களின் தலையில் சாயத்தைப் பூசி உட்காரவைத்துவிட்டு, "பழைய வீட்டுல உங்க கோழி எந்த ஜன்னல் வழியா உள்ள வரும்?" என்று ஆரம்பிப்பாள். சாயம் சொட்டும் தலையோடு எங்கே ஓடுவது? மூழ்கிய ஊரின் கதையெல்லாம் இப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தது.

திருவிழாவன்று நாங்கள் படகேறுவோம். படகைத் திருப்பும் சுக்கான் ஒப்தூலியா கையில். எதிர்மலை வாதுமை மரத்தைக் குறிவைத்து, மூழ்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே படகை நிறுத்துவாள். அக்கார்டியன் முழங்க, அவள் அந்த வீட்டுக் கதையைச் சொல்ல, வீட்டுக்காரர் தண்ணீரில் ஒயின் ஊற்றுவார். அந்தக் காலத்தில் பெண் கேட்ட விதத்தை அவள் சொல்லும்போதுதான் சிரிப்பில் படகே ஆடும். மாப்பிள்ளை வாய் திறக்கமாட்டான், பெண் வீட்டு வாசல்படியில் ஒயினை ஊற்றிவிட்டு நடையைக் கட்டுவான். பிடிக்காதவள் வாளித் தண்ணீரால் கழுவிவிடுவாள். கழுவாமல் விட்டால் சம்மதம்.

இந்த வருஷம் மழை ஏமாற்றியது. அணை வற்றி ஊர் எழுந்து நின்றது. போன திருவிழாவில் படகு நின்ற இடத்திலெல்லாம் வீட்டுப் பெயர் எழுதி, கல் கட்டி மிதக்கவிட்ட டப்பாக்களும் சேற்றில் கிடந்தன. அவளுடைய பழைய பக்கத்து வீட்டுக்காரர் பெனிக்னோ மனைவியை இழந்தவர்; குறை சொல்லாவிட்டால் அவருக்கு ரொட்டி உள்ளே இறங்காது.

"டப்பா எல்லாம் தப்பான வீட்டுல கிடந்தா சுக்கானை என்கிட்ட குடுத்துடணும், ஒப்தூலியா."

"குடுக்கிறேன்யா. சரியா இருந்தா உன் மீசை என் கத்திக்கு!"

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தச் சுக்கான் போனால் அவளுக்கென்று என்ன இருக்கிறது?

எல்லா டப்பாவும் ஒரு வீடு தள்ளிக் கிடந்தது. பாதிரியார் முற்றத்தில் ரொட்டிக் கடைக்காரி தமியானாவின் டப்பா, பன்றிக் கொட்டிலில் ஒப்தூலியாவின் டப்பா. பழைய வாதுமை என்றோ புயலில் விழுந்திருக்கிறது, அவள் குறி வைத்தது அதன் பக்கத்து மரத்தை!

"இத்தனை வருஷமா பன்னிக்கா ஊத்துனே?" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒப்தூலியாவும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு அந்த நீர் நிற்கவில்லை.

அப்போது தமியானா கத்தினாள். "யோவ் பெனிக்னோ! உன் டப்பா எங்க கிடக்குன்னு பாருய்யா!"

ஒப்தூலியா வீட்டு வாசல்படியில் கிடந்தது. பெனிக்னோவின் முகம் காது மடல்வரை சிவந்தது.

"அப்போ வருஷா வருஷம் நான்..."

"ஊத்தியிருக்க," ஒப்தூலியா கண்ணைத் துடைத்தாள். "நான் ஒரு தடவைகூடக் கழுவல."

"அணைத் தண்ணி கழுவிடுச்சே?"

"அது என்னைக் கேட்டா வந்துச்சு?"

அக்கார்டியன்காரன் காத்திருக்கவில்லை, வாசித்தே விட்டான். பெனிக்னோ தமியானாவின் கையிலிருந்த ஒயின் புட்டியைப் பிடுங்கி, காய்ந்த படியில் முழுவதையும் கவிழ்த்தார். "சுக்கானை நீயே வச்சுக்க. உனக்குப் பக்கத்துல எனக்கு ஒரு இடம் குடு, போதும்."

சேற்றில் யாருடையதோ பழைய வாளி ஒன்று பாதி புதைந்து கிடந்தது. ஒப்தூலியா அதைக் காலால் எட்டி உதைத்தாள்.