கார் தின்ற காப்பரிசி

கொதித்து நிற்கிற காரில் முதலில் மூடியைத் திறக்கக் கூடாது. இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள்தான். பேப்பரில் ஒரு பக்கம் படிக்க ஒரு பொழுது ஆகும். ஆனால் ஒரு பழைய கார் ஏன் கிளம்ப மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது, கிளம்பினாலும் ஏன் பாதி வழியில் புகைந்து நிற்கிறது என்று கேளுங்கள், ஒன்று விடாமல் சொல்லுவேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊருக்கு முதல் கார் வந்து நின்றது எங்கள் வீட்டு வாசலில்தான்.

புதுக் கார் என்று பொய் சொல்ல மாட்டேன். மாயவரத்தில் ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்து, அவரிடமிருந்து ஓர் அரிசி மில்காரர் வாங்கி மேலும் தேய்த்து, மூன்றாவதாக அப்பாவிடம் வந்த கறுப்புக் கார். வெளியாள் கையில் ஓட்டக் கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை. திருவாரூரில் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, வரவழைத்தார். மாமாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையில் படுக்கை. அக்காள் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிற தம்பிக்கு ஊரில் என்ன மரியாதை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மாமா சட்டையில் பெட்ரோல் வாசனை அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

காருக்குத் தண்ணீர் காட்டுவது என் வேலை. ஆற்றுத் தண்ணீர் ஆகாது, வண்டல் படியும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நான் கொண்டுபோவேன். மாமா முன்னால் இருக்கிற மூடியைத் திருகி எடுப்பார். நான் முக்காலியில் ஏறி நின்று ஊற்றுவேன். உள்ளே நூல் பருமனில் குழாய் குழாயாக இருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறபோது காற்றுப்பட்டு ஆறும், ஆறின தண்ணீர் இன்ஜினுக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வரும் என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலைக்காரர்கள் இருந்தும் இந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வருஷம் ஆடியில் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. முதல் இரண்டு பிள்ளைகளும் அவளுக்குத் தங்கவில்லை. இது மூன்றாவது, நிறைமாதம். அப்பா வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "தங்கச்சி சாப்டுச்சா?" என்றுதான் கேட்பார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று ஆற்றில் புதுத் தண்ணீர் செக்கச் செவேல் என்று கரை தொட்டு ஓடியது. அம்மாவும் அத்தையும் படித்துறையில் படைத்தார்கள். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்த காப்பரிசி ஒரு பெரிய தூக்கு நிறைய இருந்தது. எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டியானதும் அம்மா தூக்கை என் கையில் கொடுத்து, "வீட்டுல ஒருத்தர் விடாம குடுத்துட்டு வா. விட்டுப்போனா ஆத்தாளுக்கு ஆகாது" என்றாள்.

நான் ஒருத்தரையும் விடவில்லை. நடவாட்களுக்குக் கொடுத்தேன். மாடுகளுக்குக் கொடுத்தேன். கொட்டகையில் கார் நின்றது. முக்காலியைப் போட்டு ஏறினேன். மூடியைத் திருகினேன். ஒரு செம்பு புதுத் தண்ணீர் விட்டு, மூன்று கைப்பிடி காப்பரிசி போட்டேன். நாலாவது கைப்பிடியை நானே தின்றேன். முன்னால் தொங்கின, காரைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடிக் கம்பியில் ஒரு மஞ்சள் கயிறும் கட்டினேன். சாயங்காலம் மாமா கயிற்றைப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தி, காருக்குத் தாலியே கட்டிட்டியா? இனிமே இது ஓங்கூடத்தான் குடும்பம் நடத்தணும்" என்று சிரித்தார். உள்ளே போனதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லுகிற விஷயமாகவே எனக்குப் படவில்லை.

மூன்று நாள் காரை யாரும் எடுக்கவில்லை. நாலாம் நாள் காலையில் அத்தைக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்தவள், கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"குறுக்க கெடக்குங்க. இது நம்ம கையில இல்ல. உடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருங்க."

அப்பா சட்டைகூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அது ஒரே தடவைதான்.

கார் கிளம்பவில்லை. மாமா பொத்தானை அழுத்தினால் உள்ளே கிழவர் முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. ஹாரனை அடித்துப் பார்த்தார். பூனைக்குட்டி மாதிரி கத்தியது. "பேட்டரி எறங்கிக் கெடக்கு" என்று கம்பியை மாட்டிச் சுற்றினார். பத்துச் சுற்று. வேர்வை கொட்டியது. ஒரு பிளக்கைக் கழற்றி, இரும்பில் அண்டக் கொடுத்து, ஆளை விட்டுச் சுற்றச் சொன்னார். நெருப்புப் பொறி வரவில்லை. "பெட்ரோல் இருக்கு, பொறிதான் இல்ல" என்று ஒரு சின்னக் கறுப்பு மூடியைத் திறந்தார். உள்ளே பொறி உண்டாக்குகிற பாயிண்டில் பூஞ்சைபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து அதில் தேய்த்தார். வீட்டுக்குள்ளிருந்து அத்தை கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரண்டா?" என்று அப்பா கத்தினார். மாமா மறுபடி சுற்றினார். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. அப்பா காரைத் தொட்டுக் கும்பிட்டார்.

பின்னால் அத்தை, அம்மா, மருத்துவச்சி. முன்னால் மாமா, அப்பா, நடுவில் நான். மாற்றுத் தண்ணீர் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும், அது என் வேலை என்று நான் ஏறிவிட்டேன். இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.

நாலு மைல் போயிருப்போம். எனக்கு வேகவைக்கிற வாசனை ஒன்று வந்தது. அடுப்பில் பொங்கல் பொங்குகிறபோது வருமே, அது. எனக்குப் பசித்தது. அடுத்த நிமிஷம் முன்னால் வெள்ளையாகப் புகை எழும்பி, ரோடே தெரியவில்லை. மாமா மதகு ஓரமாக நிறுத்தினார்.

அப்பா குதித்து இறங்கி மூடியில் கை வைத்தார். மாமா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். என் அப்பாவின் கையை ஒருவர் தட்டிவிட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தொறக்காதீங்க அத்தான்! மூஞ்சி வெந்துரும்!"

மாமா அவசரப்படவில்லை. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினார், இறுக்கமாக இருந்தது. ரப்பர் குழாய்களைத் தடவினார்; எங்கும் ஒழுகவில்லை. மேல் குழாயைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார். குனிந்து கீழ்க் குழாயைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"மேல கொதிக்குது. கீழ பச்சத் தண்ணியாட்டம் இருக்கு. நடுவுல அடைச்சிருக்கு அத்தான்."

அடியில் இருந்த திருகைத் திறந்தார். தண்ணீர் கொட்ட வேண்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி, மேல் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஆவியை விட்டார். பிறகு ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார்.

சோறு வந்தது.

குழைந்த சோறு. கம்பியில் ஒட்டிக்கொண்டு, ஆவி பறக்க. என் கையிலிருந்த டப்பா நழுவி உருண்டு வாய்க்காலில் விழுந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மாமாவைத் தவிர. மாமா விரலை விட்டு ஒரு கை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதில் கறுப்புக் கறுப்பாக எள் இருந்தது. நான் பார்த்தேன். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதைக் கட்டைவிரலால் வழித்து வாய்க்காலில் எறிந்தார். சுடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி ஒரு கை அள்ளி, கிள்ளிக் கிள்ளி ஏதோ பொறுக்கிப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் அப்பா பக்கம் கையை நீட்டினார்.

"என்னடா இது? சோறா?"

"ஆமா அத்தான். நேத்து வண்டி தொடைக்கிறப்ப தண்ணி கொறச்சலா இருந்துச்சு. தூக்குச் சட்டி கழுவுன தண்ணிய அப்படியே ஊத்திட்டேன். என் தப்புதான்."

அப்பாவின் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு எழுத்துப் போதாது. பின்சீட்டில் அத்தை அம்மாவின் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"அக்கா வீட்டுச் சோறு ஒனக்குச் செரிக்கலன்னு காருக்கும் ஊட்டுனியாடா? என் தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சு, ஒன்ன இந்த வாய்க்கால்லயே வெட்டிப் போட்டுருவேன்!"

அம்மா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அடித்திருந்தால்கூட மாமா அப்படித் தலைகுனிந்திருக்க மாட்டார்.

"திட்டுறத அப்பறம் திட்டுங்க அத்தான். இப்ப போயாவணும்" என்றார். வெந்த விரலோடு உள்ளே துழாவித் துழாவி அள்ளினார். முழுசாக எடுக்க முடியவில்லை. "இப்படியே ஓட்டுனா கொதிக்கும். கொதிக்கக் கொதிக்கப் பச்சத் தண்ணி ஊத்திக்கிட்டே போலாம். ஆனா சூட்டு இரும்புல பச்சத் தண்ணி பட்டா இன்ஜின் வெடிச்சிரும். கார் போயிரும். என்ன சொல்றீங்க?"

அப்பா காரைப் பார்க்கவில்லை. "ஓட்டு" என்றார்.

காற்றுப் படட்டும் என்று பானெட்டைக் கழற்றி வயலோரம் போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஒவ்வொரு மைலுக்கும் நின்றோம். நின்ற இடத்திலெல்லாம் மாமா இறங்கி வாய்க்காலில் சாக்கை முக்கி எடுத்து வந்து தண்ணீரைப் பிழிந்து ஊற்றுவார். ஆவி அடித்து அவர் கையெல்லாம் சிவந்து கிடந்தது. குறுவைக் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு இடத்தில் ஓடி வந்து குடத்தில் மொண்டு கொடுத்தார்கள். "பொழச்சுப் போ ஆத்தா" என்று ஒருத்தி அத்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். நான் வாயைத் திறந்தால் எள்ளும் வெல்லமும் வெளியே வந்து விழுந்துவிடும் போல இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கீழே எண்ணெயும் தண்ணீருமாகக் கொட்டியது. அதற்குள் அத்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. கத்துவதற்கு வெகுநேரம் பிடித்தது; அப்புறம் கத்தியது. அந்தக் குழந்தை இப்போது மயிலாடுதுறையில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அத்தையும் பிழைத்தாள். கார்தான் பிழைக்கவில்லை. இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். வழியெல்லாம் வேடிக்கை பார்த்தார்களாம். அப்பாவுக்கு அது தாங்கவில்லை.

வந்த மறுநாள் காலையில் மாமா தகரப் பெட்டியோடு புறப்பட்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தம்பியின் கவனக்குறைவால் புருஷன் வீட்டில் தலைநிமிர முடியாமல் போயிற்று என்று அவள் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சமைந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு வாசல்படியில் நான்தான் நின்றேன். மாமாவின் பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. பெட்டியை எப்படித்தான் பிடித்தாரோ.

"கண்ணு, வரட்டுமா?"

எனக்கு மூன்று நாளாக ஒரே யோசனை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பெரியவர் ஒருவர், அதுவும் காரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், தன் வாயாலேயே தன் தப்பு என்று சொன்ன பிறகு அது எப்படி என் தப்பாகும்? என் காப்பரிசி ஆற்றுத் தண்ணீரோடு என்றைக்கோ கரைந்து போயிருக்கும். அடைத்தது அவருடைய சோறுதான். இவரால் அத்தை செத்திருப்பாள். அப்பாவின் கார் போயிற்று. இவரோடு நான் எதற்குப் பேச வேண்டும்?

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார். இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு இந்த மனுஷருக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.